டிக்டிக் ஒட்டிய இரண்டு துடிப்புகள்

டிக்டிக் முதன்முதலாக மேடையேறி இரண்டு பாட்டுகளை ஒட்டிய அன்று, மண்டபத்தில் இருந்த எல்லாருடைய இதயமும் ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தது. அது ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆண்டு விழா. சவுண்டு சர்வீஸ் கடையின் வழக்கமான டிஜேவுக்குப் பல்வலி வந்து கன்னம் பூசணி மாதிரி வீங்கிவிட்டதால், கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இவளை முதலாளி பெட்டியோடு பெட்டியாக வேனில் ஏற்றிவிட்டார். சாப்பாட்டுத் தட்டு, பள்ளிக்கூட பெஞ்சு, முன்னால் நிற்பவர் முதுகு என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தட்டிக்கொண்டே வளர்ந்தவள் என்பதால் டிக்டிக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். டிஜே வேலை பார்ப்பதற்குத்தான் சுலபம். ஒரு காதில் கூட்டம் கேட்கும் பாட்டு ஓடும். இன்னொரு காதில், ஹெட்போனுக்குள், அடுத்து வரப்போகும் பாட்டு ஓடும். இரண்டின் தாள அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, விழுந்ததும் யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து இதற்குத் தாவிவிட வேண்டும். டிக்டிக் தாவினாள். அந்த நேரத்தில் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்த கணக்கரின் கையைப் பிடித்து நாடி பார்த்த கம்பெனி நர்ஸ், ஏதோ சந்தேகத்தில் பக்கத்தில் இருந்தவர் நாடியையும் பார்த்து, அதற்குப் பக்கத்தில் இருந்தவருடையதையும் தன்னுடையதையும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றாக அடிக்கிறது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சாப்பாட்டுப் பந்திக்கு இதனால் ஏதாவது தாமதம் ஆகுமா என்று மேனேஜர் கேட்டார். ஆகாது என்றதும் விஷயம் அதோடு விடப்பட்டது.

இதில் இருக்கும் வில்லங்கம் கொஞ்ச நாளிலேயே தெரிந்துபோனது. ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாட்டு நின்றுவிட்டது, ஆனால் இதயங்கள் அந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஓடும் இதயத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்து, விடிந்ததும் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார்கள். அவர்களில் ஒரு வாத்தியார் வருடம் முழுக்க நடத்த வேண்டிய பாடத்தை மதிய மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு, அடுத்த வகுப்புப் பாடத்தையும் தொடங்கியிருந்தார். டிக்டிக் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்களின் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வேகப் பாட்டில் தொடங்கி மெதுவான பாட்டில் முடித்து, ஒவ்வொருவரையும் தரையிறக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு பேட்டரி இல்லாமல் அவள் எந்த நிகழ்ச்சிக்கும் போனதில்லை. கடைசிப் பாட்டுகளைப் படிப்படியாக மெதுவாக்கி, அவரவர் இதயத்தை அவரவரிடம் ஒப்படைத்த பிறகுதான் பெட்டியை மூடுவாள். மற்ற டிஜேக்கள் தாலாட்டு டிஜே என்று கேலி செய்தார்கள். ஆனால் வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்கும் வீடுகளில் அவளைத்தான் கேட்டு வாங்கினார்கள், கேலி செய்தவர்களுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

வீட்டில்தான் அவளுடைய பருப்பு வேகவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா கண்ணாடிக் கடையில், வருகிறவர்களை உட்காரவைத்துப் பலகை எழுத்தைப் படிக்கச் சொல்லும் வேலை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. டிக்டிக் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வாங்கிய ஃபிரிட்ஜை ஜன்னல் பக்கம் வைப்பதா, கதவுப் பக்கம் வைப்பதா என்று வந்த தகராறு அது. இருவருமே விட்டுக்கொடுக்காததால் ஃபிரிட்ஜ் நடுக்கூடத்திலேயே நின்றது, யாராக இருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, உப்பு கம்மி என்று உங்கம்மாவிடம் சொல் என்பார் அப்பா. உப்பு அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று உங்கப்பாவிடம் சொல் என்பாள் அம்மா. டிக்டிக் ஒரு வாய் சாப்பிட்டு, சொல்லி, அடுத்த வாய் சாப்பிடுவாள். அந்த வீட்டில் பெற்றோர் இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான், பாட்டு போடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்பது. ஆனால் ஒத்துப்போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாததால், தன்னைத் திட்டும் திட்டையும் அவளே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சுமந்தாள். அப்பா திட்டிக்கொண்டே அவளுடைய பெட்டிகளுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொடுப்பார். அதையும் அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

சவுண்டு சர்வீஸ் கடையில் இரண்டு பூனைகள் இருந்தன. வேலையில்லாத ஒரு நாள் டிக்டிக் இரண்டின் நெஞ்சிலும் காலர் மைக்கை ஒட்டி, நடுவில் பாட்டு எதுவும் வைக்காமல், ஒன்றின் துடிப்பை மற்றொன்றின் துடிப்போடு நேரடியாகச் சேர்த்துப் பார்த்தாள். சேர்ந்தது. ஆனால் பாட்டை வைத்துச் சேர்த்தால் பாட்டைக் குறைத்துப் பிரிக்கலாம். இதில் குறைக்க எதுவுமில்லை, அவள் எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. ஒன்று எலியைத் துரத்தினால், ஆம்ப்ளிபயர் மேல் தூங்கிக்கொண்டிருக்கும் மற்றதற்கு இரைத்தது. அடுத்த வருடம் ஒன்று லாரிக்கு அடியில் போய்விட்டது. மற்றது கடைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டது. டிக்டிக் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம் என்று முதலாளி சொன்னார், அவள் தலையாட்டினாள்.

வருடங்கள் ஓடின. சொந்தமாக மிக்ஸர் வாங்கினாள், பிறகு சொந்தமாக வேன். வானொலியில் மாலை நிகழ்ச்சி கிடைத்தது. அந்த ஒரு மணி நேரம் ஊரில் வண்டிகள்கூட முட்டிக்கொள்வதில்லை என்று போக்குவரத்துக் காவலர்கள் சொன்னார்கள். பயணக் கப்பல் கம்பெனி ஒன்று, கப்பலிலேயே தங்கித் துறைமுகம் துறைமுகமாக உலகம் சுற்றும் வேலைக்கு அவளை மறுபடி மறுபடி அழைத்தது. அவளுக்கும் அந்த வேலை மேல் உயிர்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏதோ சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தாள். வெளியூர் நிகழ்ச்சி முடித்து வரும்போதே வாசலில் இரண்டு பேரும் நிற்பார்கள், செருப்பைக் கழற்றுவதற்குள் சேர்த்துவைத்த செய்தியெல்லாம் அவள் தலையில் கொட்டப்படும். நான் கப்பலேறிவிட்டால் இந்த வீட்டில் மனிதக் குரலே கேட்காது என்று அவள் பழைய முதலாளியிடம் சொல்லி ஒருமுறை அழுதிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வேலை நேரத்தில், மொட்டை மாடி மெஷின் அறையில் மயங்கி விழுந்தார். இதயம் இஷ்டத்துக்கு அடிக்கிறது, இஷ்டத்துக்கு விடுகிறது, கத்தி வைக்கும் நிலையில் உடம்பு இல்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வீட்டிலேயே என்று டாக்டர்கள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். டிக்டிக் அப்பாவின் நெஞ்சில் மைக்கை ஒட்டி, ஹெட்போனில் கேட்டாள். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை, பிறகு ஒன்று வந்தது, அடுத்த இரண்டு வரவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில், என்னுடைய இதயத்தோடு சேர்த்துவிடுகிறேன் என்றாள்.

சமையலறையிலிருந்து அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உனக்கு இன்னும் வயசு கிடக்கு. என்னோடதுல சேத்துடு," என்றாள்.

பூனைகளுக்கு என்ன ஆனது என்று டிக்டிக் ஞாபகப்படுத்தினாள். தெரியும் என்றாள் அம்மா. கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மூச்சைக் கூட்டிக்கொண்டு பேசினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, ரெண்டு லிஃப்டை ஒரே ரோப்புல தொங்க விடுறவன் மெக்கானிக்கே இல்ல. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளும்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

பழக்கதோஷத்தில் டிக்டிக் அம்மா பக்கம் திரும்பி, அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சும்மா படுங்க," என்றாள், அவரைப் பார்த்தே.

ஹெட்போனில் அப்பாவின் துடிப்பு சுத்தமாகக் காணாமல் போனது. பிறகு அது வந்தது.

அம்மா நாற்காலியில் உட்கார, டிக்டிக் இன்னொரு மைக்கை அவள் நெஞ்சில் ஒட்டினாள். இடது காதில் அம்மா, வலது காதில் அப்பா. எவ்வளவு இழுக்க வேண்டியிருக்குமோ, அந்த இழுப்பை அப்பா தாங்குவாரோ என்று பயந்துகொண்டுதான் கேட்டாள். இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் துடிப்பில் வந்தவை எல்லாம், அம்மாவின் இரண்டு துடிப்புகளுக்கு நட்டநடுவில், பிசகாமல் விழுந்துகொண்டிருந்தன. இத்தனை வருடமாக ஏட்டிக்குப் போட்டியாக இருந்தவர்களின் இதயமும் அப்படியேதான் இருந்தது. வேகம் ஒன்று, இடம் மட்டும் வேறு. அரை அடி முந்தி நிற்கும் ஒரு பாட்டைப் பின்னால் தள்ளுவது போல அவள் அப்பாவின் துடிப்பை விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. விடுபட்ட இடங்களையெல்லாம் அம்மாவின் துடிப்பு வந்து நிரப்பியது. டிக்டிக் மிக்ஸரை அணைத்து, ஹெட்போனைக் கழற்றி, அழுது முடித்தபோது அப்பா பசிக்கிறது என்று சொன்னார். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை, நேராக அம்மாவிடமே சொன்னார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கோபித்துக்கொள்வது கஷ்டமாகிவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்பாவுக்குத்தான் படபடத்தது, அப்பா டிவியில் பந்தயம் பார்த்தால் அம்மா கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆகவே நாளுக்கு நாலு முறை போன் பண்ணி என்ன செய்கிறாய், ஏன் ஓடுகிறாய் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்கப்போய் வேறு பேச்சும் வந்தது, சண்டையும் வந்தது. டாக்டர் இருவரில் ஒருவர் கையை மட்டும் பிடித்துப் பார்த்து இருவருக்கும் சேர்த்து மருந்து எழுதினார். ஒருவர் போனால் மற்றவரும் போவார் என்பது இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை. சுமப்பதற்குச் செய்தி ஒன்றும் இல்லாமல் வீட்டில் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்த டிக்டிக், கப்பல் கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் அவளை வழியனுப்ப வந்த இருவரும் வெயிலில் யார் குடை பிடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், கப்பல் கிளம்பியதைச் சரியாகப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடை இப்போது புதுக் கட்டடத்தின் மேல்மாடிக்குப் போய்விட்டது. அம்மா ஒவ்வொரு படித் திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஏறுவாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, முட்டி வலியா அக்கா என்று கேட்டாள்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். வீட்ல அவருக்கு மூச்சு வாங்கும்," என்றாள் அம்மா.

அப்படியா என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணும் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, அவர் ஆசுவாசப்படும்வரை கூடவே நின்றாள்.