தலாத் வீடு யார் வீடு

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிற்பகலில், சைகோன் பள்ளிவாசல் தெருவில் ஜவுளிக்கடை பக்கீர் மைதீன் வீட்டு மாடிக் கூடத்தில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலுக்குக் கீழே சாய்வு நாற்காலியில், சாயாமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார் பக்கீர் மைதீன். அவருக்கு எதிரே துணிப்பெட்டியின் மேல் அவருடைய மச்சினர் கிதிர் முகம்மது. நாற்காலி காலியாக இருந்தாலும் அவர் பெட்டியைத்தான் தேர்ந்தெடுப்பார். அங்கிருந்தால் எல்லாருடைய தலையும் அவருக்குக் கீழே இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவே பிரம்பு நாற்காலியில், மடியில் கைப்பையோடு, புதுச்சேரிக்காரியான ஒடெட் அம்மாள். உள்ளறை நிலைப்படியை ஒட்டிப் பாயில் பக்கீர் மைதீனின் மனைவி மதார் பீவி. அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி மகள் ஹமீதுன்னிசா. அவள் மடியில் மூன்று வயது ஷரீஃபுன்னிசா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வந்த விஷயம் ஒன்றுதான். ஹமீதுன்னிசாவின் கணவன் ஜலீல் மலைமேல் தலாத் ஊரில் கம்பளித் துணிக்கடை வைத்திருந்தான். அங்கே ஏரிக்குப் பின்புறம் ஒடெட் அம்மாளுக்கு ஒரு வீடு. அதில் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான். ஒடெட் அம்மாளின் கணவர் ரோஜே பிரெஞ்சு அரசாங்கத்தில் நில அளவை உத்தியோகஸ்தர். அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் மட்டும் இருந்து எதை அளப்பது? அடுத்த சனிக்கிழமை கப்பல். அதற்குள் வீட்டை ஜலீலுக்கே விற்றுவிடுவதாகப் பேசி முடித்து, பத்திரம் எழுத சைகோன் நொத்தேரிடம் நாளும் வாங்கியாயிற்று. ஜலீல் மாமனாருக்கு முறைப்படி கடிதம் எழுதி, அதை ஒடெட் அம்மாளிடமே கொடுத்தனுப்பியிருந்தான்.

ஹமீதுன்னிசாவுக்கு அந்த வீடு தெரியும். நோன்பு தொடங்கிய வாரத்தில் வியத்நாம் அரசாங்கப் பட்டாளத்துக்கும் பின் சுயேன் என்ற ஆயுதக் கும்பலுக்கும் நகரத்துக்குள்ளேயே சண்டை மூண்டு, சொலோன் பக்கம் தெருத்தெருவாக எரிந்ததே, அப்போது குழந்தையோடு அவளை ரயிலேற்றித் தலாத்துக்கு அனுப்பினார்கள். நோன்பு முழுவதும் அங்கேதான் இருந்தாள். சரிவான ஒரு சந்து. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வேலிக்கு மேலே நீலப் பூக்கொத்துகள். காலையில் குதிரை வண்டி ஒன்று ஏரிக்கரை வழியாகப் போகும். அதற்கப்புறம் பைன் மரக் காற்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூடக் கேட்கும். சைகோனில் குண்டுச் சத்தம் கேட்டதிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்த குழந்தை, அங்கே போன மூன்றாவது நாளே சன்னலோரம் படுத்துத் தூங்கியது. நோன்புப் பெருநாள் முடிந்து திரும்பியதும் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தெருவில் லாரி போனால் போதும், காதைப் பொத்திக்கொள்ளும். இப்போது மடியில் தூங்குகிறதே, இதுவும் மழை வருமுன் தெரு அடங்கியிருந்ததால்தான்.

ஆகவே இந்தக் கூடத்தில் அந்த வீட்டை எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவள் ஹமீதுன்னிசா. ஆனால் வாய் திறக்க முடியவில்லை. காரைக்கால், நாகூர்ப் பக்கத்து மரைக்காயர்களின் வழக்கம் அப்படி. பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். ஹமீதுன்னிசாவுக்கும் காரைக்காலில் ஒரு வீடு பேசி, ஊர் திரும்பும்வரை இங்கே மாடியின் பின்கட்டை ஒதுக்கியிருந்தார்கள். கடைக்காக ஜலீல் மலையேறிப் போன பிறகும், மாதம் ஒருமுறை இறங்கி வந்து மாமியார் வீட்டில்தான் தங்குவான். நோன்பு மாதம் அவள் தலாத் போனதற்குக்கூட விருந்துக்குப் போனதாகத்தான் மதார் பீவி தெருவில் சொல்லி வைத்திருந்தாள்.

கிதிர் முகம்மது கடிதத்தை இரண்டாம் முறையாக உரக்கப் படித்தார். "'அல்லாஹ்வின் கிருபையால் ஏரிக்கரையில் எனக்கென்று ஒரு வீடு அமைகிறது. இனி ஹமீதுன்னிசாவையும் குழந்தையையும் என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தாங்கள் சம்மதம் தர வேண்டும்.' கேட்டீங்களா மச்சான்? எனக்கென்று. என் வீட்டில். குளிர்ல மருமவனுக்கு வழக்கமெல்லாம் வெறச்சுப் போச்சு."

"புள்ள சந்தோஷத்துல எழுதிட்டாரு," என்றார் பக்கீர் மைதீன்.

"சந்தோஷமா?" மதார் பீவி திரும்பினாள். "எம் மவளுக்கு வூடு இல்லையா? ஊர்ல என்னா பேசுவாஹ? பக்கீர் மைதீன் சைகோன்ல அத்தாப் பெரிய கடை வச்சும், மவளுக்கு ஒரு கூரை கொடுக்க ஏலாம, மருமவன் வூட்ல கொண்டுபோய் விட்டாஹன்னு பேசுவாஹ. நான் அனுப்ப மாட்டேன்."

ஒடெட் அம்மாள் கைப்பையை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். "பொண்ணு புருஷன் வூட்டுக்குப் போறது ஒரு குத்தமா, மரைக்காயரே? நான் பதினெட்டு வயசுல போனவ. இன்னும் திரும்பி வரல."

"அது உங்க வழக்கம், மதாம்," என்றார் கிதிர் முகம்மது. "எங்கள்ல போறது ஆம்பள."

"அப்ப உங்க ஆம்பளைங்க அழ மாட்டாங்களா?"

"அழுவோம்," என்றார் பக்கீர் மைதீன். "நான் அழுதேன். மாமியார் சோத்துல கோலா மீன் ஆணத்த ஊத்துனதும் நின்னுடுச்சு."

கிதிர் முகம்மதுகூடச் சிரித்துவிட்டார். மதார் பீவி சிரிக்கவில்லை. அவள் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள். ஹமீதுன்னிசா அதைக் கவனித்தாள். உம்மா வெற்றிலையைத் தள்ளினால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"எனக்கு ஒரு பதில் வேணும்," என்றாள் ஒடெட் அம்மாள். இம்முறை சிரிப்பில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. சந்து முனையில ஒரு காய்கறி வியாபாரி கேட்டுக்கிட்டே இருக்காரு. எனக்கு உங்க மருமகன்கிட்ட கொடுக்கத்தான் ஆசை. அந்தக் கொழந்த எங்க வேலியில உக்காந்து பூ எண்ணின வூடு அது. ஆனா கப்பல் எனக்காக நிக்காது."

வெளியே மழை ஆரம்பித்தது. எதிர்க்கடைக்காரன் தகரக் கதவைச் சரேலென்று இழுத்துச் சாத்தினான். மடியிலிருந்த குழந்தை விதிர்த்து எழுந்து, சத்தம் போடாமல், ஹமீதுன்னிசாவின் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. சத்தம் போடாததுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"மதாம்," என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "பத்திரத்துல பேரு எழுதியாச்சா?"

"இன்னும் இல்ல பொண்ணே. உன் வூட்டுக்காரர் பேர் சொல்லி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"வாப்பா, காரைக்கால்ல எனக்குன்னு சொன்ன வூட்ல இப்ப யாரு இக்கிறாஹ?"

"யாரு இக்கிறா? பூட்டித்தான் இக்கிது."

"அது வேணாம். அதுக்குப் பதிலா தலாத் வூட்ட எனக்குக் கொடுங்க. எம் பேர்ல."

பக்கீர் மைதீன் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார். ஜலீல் கடைக்குச் சரக்கெல்லாம் அவரிடமிருந்துதான் போகிறது. வீட்டுக்கு அவன் போட்ட பணத்தை அவர் சரக்காகக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். அது மாமனும் மருமகனும் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதைத்தான் அவர் சொன்னார். சொல்லிவிட்டு மச்சினரைப் பார்த்தார்.

கிதிர் முகம்மது தாடியைத் தடவினார். எதிர்க்க இடம் தேடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தேடித் தேடிப் பார்த்தவர், கடைசியில் பெட்டியை விட்டுக் கீழே இறங்கினார்.

"வூடு ஹமீதா பேர்ல இருந்தா, அவ வூட்டுக்கு அவ போறா. கொடுத்தது வாப்பா. மருமவன் பொண்ணு வூட்டுக்கு வர்றாரு. இதுல நான் சொல்ல என்னா இக்கிது? அது தலாத்ல இருந்தா என்ன, நாகூர்ல இருந்தா என்ன?"

இப்போது எல்லாரும் மதார் பீவியைப் பார்த்தார்கள். அவள் பாயின் கோரையை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு வூடுன்னா உம்மாவும் அங்கதானே இக்கிணும்," என்றாள் மெதுவாக.

"ஒனக்குத்தான் அந்தக் குளிர் ஆவாதுன்னியே?" என்றார் கணவர்.

"குளிரா? யாரு குளிர்னு சொன்னா? மருமவன் வூட்ல போய் ஒக்காந்து நான் எப்படிங்க ஒரு வாய் சோறு திங்கறது? அதான் ஆவாதுன்னேன்." நிமிண்டிய கோரையைப் பிய்த்து எறிந்தாள். "நீங்கல்லாம் குறட்டை விட்டுத் தூங்கிடுறீங்க. அந்தத் தீயப் பாத்ததிலேருந்து எனக்கு ஒரு ராவும் தூக்கம் இல்ல. லாரிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஒக்காந்துக்குவேன். இந்தப் புள்ள கட்டிலுக்கு அடியில போவுது, நான் எங்க போறது? மவளயும் அனுப்பிட்டு இந்த வூட்ல தனியா இக்கிறத நெனச்சாலே..."

ஹமீதுன்னிசா உம்மாவின் முதுகையே பார்த்தாள். மலையிலிருந்து திரும்பி வந்த நாள்முதல் தலாத் என்ற பேச்சை எடுத்தாலே சீறி விழுந்த உம்மா. பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள். தன் மேல் கோபம் என்றுகூட நினைத்திருந்தாள். மடியிலிருந்த குழந்தையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, பாயில் தவழ்ந்து போய் உம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். "சொல்லியிருக்கலாமேம்மா?"

"மருமவன் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எந்த உம்மா கேப்பா?"

"நான் என்னா பண்றது?" பக்கீர் மைதீன் கேட்டார். "கடை யாரு பாக்குறது? சோறு யாரு பொங்குறது?"

"நானா பொங்குவாஹ," என்று மதார் பீவி தன் அண்ணனைக் காட்டினாள்.

"உங்க நானா பொங்குனா, போன சண்ட திரும்ப ஆரம்பிச்சிடும்."

"வாய மூடிக்கிட்டுத் தின்னா ஒரு சண்டையும் வராது, மச்சான்," என்றார் கிதிர் முகம்மது. சொல்லிவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போல ஒடெட் அம்மாள் பக்கம் திரும்பினார். "மருமவன் இப்ப எங்க படுக்குறாரு?"

"எங்க வூட்லதான். முன்னறையில."

"கூடாது. பொண்ணு குடிபோறதுக்கு முந்தி மாப்பிள்ளை அந்த வூட்ல இக்கிறதாவது? பொண்ணு மொதல்ல போய் விளக்கேத்தணும். அப்புறம் மாப்பிள்ளைய அழைச்சிட்டு வரணும். இல்லாட்டி அது அவரு வூடுதான். அதுவரைக்கும் அவரு கடையிலயே படுக்கட்டும்."

"மோன் தியே!" ஒடெட் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக் குளிர்லயா?"

"கம்பளிக் கடைதானே வச்சிருக்காரு?" என்றார் கிதிர் முகம்மது.

இந்தத் தடவை மதார் பீவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை இழுத்து, முதல் சுருளை ஒடெட் அம்மாளுக்கு மடித்தாள்.

ஜலீலுக்குப் பதில் எழுதும் வேலை ஹமீதுன்னிசாவுக்கு. ஒடெட் அம்மாள் போகிற வழியில் தபாலாபீசில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். நாளைக் காலை விமானத்தில் போய்விடும். உள்ளறையில் பெட்டியைத் திறந்து காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்த பிறகுதான், அவளுக்கு ஒரு சிறு கலக்கம் தட்டியது. 'எனக்கென்று' என்று எழுதும்போது ஜலீல் மச்சான் எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருப்பார்! அந்தச் சந்தோஷத்தை எடுத்துவிட்டுப் படுக்கையையும் சுருட்டச் சொன்னால் முகம் சுண்டிப் போகாதா? ஒரு தாளைக் கிழித்தாள். அடுத்த தாளில் முதலில் நலம் விசாரித்தாள், பிறகு குழந்தையின் செய்தி, பிறகு விஷயம், கடைசியில் வேண்டுகோள் என்று ஒழுங்காக எழுதினாள்.

"…வீடு நம் ஷரீஃபாவுக்கும் ஒரு நாள் போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாப்பா எனக்குக் கொடுப்பதாகப் பத்திரம் வருகிறது. உம்மாவும் நம்மோடு வருகிறார்கள். அவர்களுக்குத் தோட்டத்துப் பக்கத்து அறை. இதைப் படித்ததும் தங்கள் படுக்கையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடவும். இது கிதிர் மாமாவின் உத்தரவு, என்னுடையது அல்ல. நாங்கள் வந்து விளக்கேற்றிய மறுநாள் தங்களை அழைக்க ஆள் வரும். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டாம் கல்யாணம் என்று நினைத்து வரவும். மனத்தாங்கல் இருந்தால் புதன்கிழமைக்குள் தந்தி அடியுங்கள். இல்லையென்றால் அடிக்க வேண்டாம்; அந்தக் காசுக்கு எனக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்து வையுங்கள். எனக்கு இப்போதே மனசு லேசாகிவிட்டது மச்சான், தாங்களும் அப்படியே இருக்க வேண்டும்."

கூடத்துக்குக் கொண்டு வந்ததும் கிதிர் முகம்மது படித்துப் பார்க்கக் கை நீட்டினார். "பொண்டாட்டி புருஷனுக்கு எழுதுறத நீங்க ஏன் பாக்குறீங்க?" என்று மதார் பீவி தட்டிவிட்டாள். உறையில் பசை போதவில்லை. அவளே அடுப்படிக்குப் போய் மதியச் சோற்றில் நாலு பருக்கை கொண்டுவந்து, மடிப்பில் வைத்து நசுக்கி ஒட்டினாள். ஒட்டியதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "விளாசம் சரியாப் போட்டியா புள்ள? கடை விளாசம் போட்டியா, வூட்டு விளாசமா?" என்று கேட்டாள்.

"கடை விளாசம்தாம்மா."

"அதான் சரி."

ஒடெட் அம்மாள் உறையைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலில் சிக்லோ ரிக்ஷா வண்டி கித்தான் மூடியோடு காத்திருந்தது. ஹமீதுன்னிசா சன்னலண்டை வந்து, வாப்பாவின் நாற்காலியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். வண்டி மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தபாலாபீஸ் பக்கமாகத் திரும்பி மறைந்தது.