டேங்குக்கு இரண்டு கரை

குமாரவேலுக்கு எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டுச்சேலை நெய்கிறவர். வலக்கரையும் இடக்கரையும் மயிரிழை மாறினாலும் கடைக்காரர் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் இந்த மனிதர் அதைத் தறியோடு விட்டாரா? கல்யாணத்துக்கு முதல் நாள் மீசையை இரண்டு பக்கமும் சமமாக்கப் போய், மீசையே இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தவர்.

அப்பேர்ப்பட்டவருடைய மோட்டார் சைக்கிள் செவிலிமேடு திருப்பத்தில் மணலில் சறுக்கி இடப்பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் மனைவி துர்காதேவி உட்கார்ந்திருந்தாள். எப்படியோ எழுந்து இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். பெட்ரோல் டேங்கின் இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அன்றோடு துர்காதேவி வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், டேங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தறியில் மட்டும் வழக்கம்போல அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசிக் கொடுத்தாள். திங்கட்கிழமை என்றால் இருவரும் வண்டியில் மாகறல் கோயிலுக்குப் போவது கல்யாணமான நாளாய் நடந்துவருகிற காரியம். இப்போது அவள் பஸ்ஸில் போனாள். குமாரவேல் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே, அது கக்கிய புகையைக் குடித்துக்கொண்டு வண்டியில் போனார். சேர்ந்து சாமி கும்பிட்டுவிட்டு அதே மாதிரி தனித்தனியாகத் திரும்பினார்கள். காலியாகக் கிடக்கும் பின் சீட்டை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பார்த்த பார்வையை வைத்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளம் போய்விட்டால் அவள் ஏறிவிடுவாள்.

பட்டறையில் கொடுத்திருக்கலாம். இன்னொருத்தன் என்ன சமம் பார்த்துவிடப் போகிறான் என்று அவருக்கு இளக்காரம். டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, தறிக்குப் பக்கத்திலேயே கடை விரித்தார். டேங்கின் வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு நெம்பிப் பார்த்தார். பள்ளம் அசைந்து கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு அருள் ஒரு யோசனை சொன்னான். அவன் செல்போனில் பார்க்காத வீடியோ கிடையாது. கொண்டைக்கடலையை உள்ளே நிரப்பித் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டால், கடலை ஊறி உப்பி, பள்ளத்தைத் தானே வெளியே தள்ளிவிடுமாம். குமாரவேல் அதையும் செய்தார். கடலை உப்பத்தான் உப்பியது. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருக்க, நன்றாக இருந்த வலது பக்கம் புடைத்துக்கொண்டது. உள்ளே போன கடலை வெளியே வரவும் மறுத்தது. கம்பியால் கிளறிக் கிளறி எடுத்து முடிப்பதற்குள் பாதி முளைவிட்டிருந்தது. வாசலில் கொட்டியதை ஒரு காக்கா கொத்திப் பார்த்தது. அதற்கப்புறம் அது அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் நம்முடைய ஆளுக்கு ஞானம் பிறந்தது. பள்ளத்தை எடுப்பதுதானே கஷ்டம், போடுவதில் என்ன கஷ்டம்? இடது பக்கம் இருக்கிற பள்ளம் வலது பக்கமும் இருந்துவிட்டால் யார் அதைப் பள்ளம் என்று சொல்லப்போகிறார்கள்? டேங்கை மணல் மூட்டையின்மேல் கிடத்தி, நட்டநடுவில் பட்டு நூலை இழுத்துக் கட்டி, விரலால் அளந்து அளந்து மரச்சுத்தியால் வலது பக்கத்தைத் தட்டினார். ஒரு நெல்மணி அளவு ஆழம் கூடிவிட்டது. சரி என்று இடது பக்கத்தைத் தட்டினார். இப்போது இது கூடிவிட்டது. மறுபடி அதைத் தட்டினார். கை நின்றால்தானே! தறியில் பாதிச் சேலை அப்படியே காத்துக்கிடந்தது. துர்காதேவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமையல் செய்தாள்.

கடைசியில் டேங்க், இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. வாய் வரைக்கும் பெட்ரோல் ஊற்றினால் வாலாஜாபாத் போகலாம், திரும்பி வருவது அவரவர் பாடு. அருள் வந்து அதைக் காலிடுக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முட்டி என்னமாய்ப் பொருந்துகிறது என்று மெச்சினான். தன் வண்டிக்கும் இதே மாதிரி போட்டுத் தர முடியுமா என்று வேறு கேட்டுவைத்தான். குமாரவேலுக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் டேங்கை மாட்டி, குங்குமம் வைத்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பள்ளமே தெர்ல பாரு. ரெண்டு கரையும் ஒண்ணா இருக்குது. ஏறும்மா, மாகறலுக்குப் போலாம்."

பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்த துர்காதேவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பள்ளத்துக்காக நான் ஏறலன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

அவர் டேங்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் ரோட்ல வுழுந்து கெடந்தேன். நீங்க ஓடிப்போய் வண்டியத் தூக்கினீங்க. டேங்க்கத் தடவித் தடவிப் பாத்துக்கினு இருந்தீங்க. கரும்பு ஜூஸ் விக்கிற அம்மாதான் என்னத் தூக்கி ஒக்கார வெச்சி தண்ணி குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் நீங்க அந்த டேங்க்கத்தான் தடவிக்கினு இருக்கீங்க. எனக்கு எங்க அடின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குமாரவேல் டேங்கின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். வெட்கத்தில் காது சுட்டது. எங்கே அடி என்று இப்போதுதான் கேட்டார், அதுவும் பாதிக் குரலில்.

அவள் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். கருத்து, தோல் சுருங்கி, பெரிய தழும்பாகியிருந்தது. தினமும் தறியில் அவருக்குப் பக்கத்திலேயே போய்வந்துகொண்டிருந்த கை. கரையைப் பார்த்த மனிதர் கையைப் பார்க்கவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் ஆள் போவதையும் வருவதையும் பாராமல் அந்த முழங்கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். துர்காதேவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

அப்புறம் அவருடைய கண், அவரை அறியாமலே, மெல்ல அவளுடைய வலது முழங்கைப் பக்கம் போயிற்று.

அவள் சட்டென்று அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அது நல்லாத்தான் இருக்குது. அத ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.