முன் சீற்றில் வீரம்மா

ஜெயபுரத்தில் கொழும்பைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் வீரம்மாவிடம்தான் கேட்பார்கள். பாஸ்போட் எடுக்கப் போகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளையை ஏற்றிவரப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதல்நாளே அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு சொல் கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

"புறக்கோட்டையில பையை முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ," என்பார் வீரம்மா. "காலிமுகத்திடலில பின்னேரம் காத்து அடிக்கும். சீலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கோ."

அந்தப் புத்திமதிகளில் பிழை இருந்ததில்லை. ஆகவே வீரம்மா கொழும்பைப் பார்த்ததே இல்லை என்ற விஷயம் பதினாறு வருசமாக வெளியே வரவில்லை.

கொழும்பில் இருந்தது உண்மைதான். மாத்தளைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றிலிருந்து பன்னிரண்டு வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருசம் அங்கே இருந்தார். அந்த ஐந்து வருசமும் அவருக்குத் தெரிந்த கொழும்பு என்பது குசினி, பின்வளவுக் குழாயடி, ஒழுங்கை முனையில் வந்து நிற்கிற மரக்கறி வண்டில், அவ்வளவுதான். வண்டில்காரனோடு பேரம் பேசிப் பேசிச் சிங்களம் மட்டும் நன்றாக வந்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு காரில் ஊர் சுற்றிவிட்டு வருவார்கள். வீரம்மா அவர்களுடைய சப்பாத்துகளைத் துடைக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பார்கள். ஒரேயொரு தடவை அவரையும் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் கடலுக்கு இறங்க, வீரம்மா காருக்குள் இருந்து செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் காத்தார். கார் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எண்பத்திரண்டில் வீரம்மாவின் தகப்பன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர்தான்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், யுத்தம் முடிந்து எல்லோரையும் அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அவருடைய தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டில் விமலேஸ்வரி ரீச்சருடையது. உருத்திரபுரத்தில் பாலர் பாடசாலை நடத்தியவர். ஒருநாள் தண்ணீர் வரிசையில் ரீச்சர் வாளியைக் கையில் பிடித்தபடி, வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் வெறித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க வீரம்மாவுக்கு ஏலவில்லை.

"ரீச்சர், தெகிவளை மிருகக்காட்சிசாலையில யானை ஆடுறதை நான் பாத்திருக்கிறன். தெரியுமோ?" என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

வாளி நிறைவதற்குள் ரீச்சர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வரிசையில் நின்றபடியே இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்வந்தார்கள். எல்லாக் கதையிலும் "நான் பாத்தன்", "நான் ஏறினனான்" என்றே வந்தது. பிறகு அதைத் திருத்த ஒரு நல்ல நேரம் வாய்க்கவில்லை.

ஆகவே, இந்த வருசம் கச்சான் செடிகளுக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது ரீச்சரின் தொலைபேசி வந்ததும் வீரம்மா வரம்பில் அப்படியே இருந்துவிட்டார்.

"வீரம்மா, என்ர அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் கனடாவில இருந்து கொழும்பில ஒரு கார் ஒழுங்கு பண்ணியிருக்கிறான். ஒரு நாள் முழுக்க எங்களுக்குத்தான். எல்லா இடமும் கொண்டுபோய்க் காட்டுமாம். விளங்கப்படுத்துற ஆள் ஒருத்தரையும் சேர்த்து விடட்டோ எண்டு கேட்டவன். வேண்டாம், எங்களுக்கு வீரம்மா இருக்கிறா எண்டிட்டன்."

"ரீச்சர், எனக்கு இப்ப முழங்கால் கொஞ்சம்…"

"காரிலதானே போறம். முன் சீற் உமக்குத்தான்."

கிளிநொச்சி ஸ்டேசனில் ரீச்சரோடு இன்னொருவரும் நின்றார். ரீச்சரின் கணவருடைய தங்கை நாகேஸ்வரி. முறிகண்டிப் பக்கம் ஏ9 வீதியோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாராம். வீரம்மா அவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார். அதிகம் பேசாத ஆள். ஆனால் கண் எல்லாவற்றிலும் இருந்தது. ரயில் அநுராதபுரம் தாண்டும்வரை ரீச்சர் வீரம்மாவின் பழைய கொழும்புக் கதைகளை நாகேஸ்வரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வீரம்மா யன்னல் பக்கம் திரும்பி நித்திரை மாதிரி இருந்துகொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையில் அவர்கள் தங்கிய விடுதி வாசலுக்குக் கார் வந்தது. சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் நந்தசேன. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அது தெரிந்ததும் வீரம்மாவுக்கு மூச்சு வந்தது. முன் சீற்றில் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, ஏதோ வழி சொல்கிறவர் மாதிரிக் கையை நீட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தயா, இப்போது எங்கே போகிறோம்?"

"முதலில் சுதந்திரச் சதுக்கம்."

வீரம்மா பின்னுக்குத் திரும்பினார். "முதல்ல சுதந்திரச் சதுக்கத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறன், ரீச்சர்."

வேலை இலகுவாகத்தான் இருந்தது. வீரம்மா கேட்பார், நந்தசேன சொல்வார், அதை வீரம்மா தன் வாயால் பின்னுக்கு அனுப்பிவிடுவார். சுதந்திர மண்டபத்தைச் சுற்றி இருந்த கற்சிங்கங்களில் ஒன்றின் தலையைப் போகிறபோக்கில் தட்டிவிட்டுக்கூடப் போனார். நூதனசாலை வாசலில் நின்ற பெரிய ஆலமரத்துக்குக் கீழே மூன்று பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ரீச்சர் கைப்பையிலிருந்து கொப்பி எடுத்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியிருந்தார்.

வெள்ளைக் குவிமாடத்தோடு மாநகர சபைக் கட்டிடம் வந்தபோதுதான் வீரம்மா கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

"இது மாநகர சபை. எங்கட காலத்தில இது இல்லை ரீச்சர். பிறகு கட்டினது."

"பழைய கட்டிடம் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் ரீச்சர்.

"அப்பிடிப் பழைய மாதிரிக் கட்டுறதுதான் இஞ்ச இப்ப நாகரிகம்."

ரீச்சர் அதையும் எழுதினார். நந்தசேனவுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். வீரம்மா குரலைத் தாழ்த்தி அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார்.

"அக்கே, அதைக் கட்டிக் கிட்டத்தட்ட நூறு வருடம்," என்றார் நந்தசேன.

பின்சீற்றில் நாகேஸ்வரிக்கு இருமல் வந்தது. ரீச்சர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

நந்தசேன அடுத்த சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு இந்த ஊர் தெரியாதுதானே?"

"தெரியாது," என்றார் வீரம்மா. வாழ்க்கையில் முதல்தடவையாக அதைச் சொல்கிறார். சிங்களத்தில் சொல்வது ஏனோ இலகுவாக இருந்தது. "அவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த ரீச்சர் என்னை நம்பித்தான் வந்திருக்கிறார்."

நந்தசேன தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். வளைவு வருவதற்கு முன்னமே, "இடது பக்கம் வருவது கங்காராமய விகாரை, உள்ளே பழைய கார்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள்," என்று ஏதோ பெற்றோல் விலை பற்றிக் கதைக்கிற மாதிரி ஓதிவிடுவார். வீரம்மா அதை வளைவில் திரும்பும்போதே அறிவித்துவிடுவார். ரீச்சருக்கு ஒரே பெருமை.

"பாத்தீரோ நாகேஸ், வீரம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரியும்."

"ஓம் மச்சாள். அதுதான் நானும் பாக்கிறன்," என்றார் நாகேஸ்வரி.

புறக்கோட்டையில் மட்டும் வீரம்மா யாரையும் கேட்கவில்லை. நெரிசலுக்குள் சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நின்ற பள்ளிவாசலைக் கண்டதும், "இது சிவத்தப் பள்ளி. பாக்க இனிப்புப் பெட்டி மாதிரி இருக்கும்," என்று தானாகவே வந்துவிட்டது. பம்பலப்பிட்டி வீட்டுக் கடைசிப் பிள்ளை அப்படித்தான் சொல்லுவான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று வீரம்மா நினைத்துக்கொண்டார். கார் கடந்து போன பிறகும் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் செட்டியார் தெருவில் ஒரு சைவக் கடைக்குள் போனார்கள். நந்தசேனவையும் வற்புறுத்திக் கூடவே இருத்தினார்கள். சோறு வந்து பாதி முடிகிற நேரம், அதுவரை ஒன்றும் பேசாமல் அப்பளம் கடித்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி, நந்தசேன பக்கம் திரும்பி நல்ல தெளிந்த சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தயா, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடச் சொல்லட்டுமா? காலையிலிருந்து பாவம், உங்களுக்குத்தான் வாய் ஓயவில்லை."

வீரம்மாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"உமக்குச் சிங்களம் தெரியுமோ?" என்றார் ரீச்சர்.

"நயினாதீவு விகாரைக்குப் போற சிங்கள ஆக்களின்ர பஸ்சுகள் எல்லாம் என்ர கடையிலதானே நிக்கிறது. கதைச்சுக் கதைச்சு வந்தது."

"அப்ப ஏன் காலமை தொடக்கம் பேசாம இருந்தனீர்?"

நாகேஸ்வரி வீரம்மாவை ஒருதடவை பார்த்தார். "வீரம்மாக்கா நல்லாத்தானே சொல்லிக்கொண்டு வந்தவா," என்றுவிட்டு ரசத்துக்குக் கையைக் காட்டினார்.

அவர் சொல்லப்போவதில்லை என்று வீரம்மாவுக்கு விளங்கியது. பேசாமல் விட்டால் இந்த நாளும் அப்படியே போய்விடும், ஊருக்குத் திரும்பிப் பழைய மாதிரியே இருக்கலாம். ஆனால் ரீச்சரின் கொப்பி தண்ணீர்க் கிளாசுக்குப் பக்கத்தில் கிடந்தது. மாநகர சபை பிறகு கட்டினது என்று அதில் வடிவான கையெழுத்தில் எழுதிக் கிடந்தது. அதைக் காட்டி ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவார் ரீச்சர். வீரம்மா இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ரீச்சர், நான் இதில ஒண்டையும் பாத்ததில்லை," என்றார். "அந்த மனுசன் சொல்லச் சொல்லத்தான் நான் சொன்னது. அந்த நேரமும் நான் குசினியை விட்டு வெளியில போகேல்லை. எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளையள் சொன்ன கதை."

ரீச்சர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார்.

"யானை ஆடினது?"

"அதுவும் பிள்ளையள் பாத்ததுதான்."

"கடல்ல கால் நனைச்சது?"

"நான் காருக்குள்ள செருப்புக்குக் காவல் இருந்தனான்."

என்ன நடக்கிறதென்று நந்தசேன கேட்க, நாகேஸ்வரி சுருக்கமாகச் சொன்னார்.

"எனக்குக் கோபம்தான் வீரம்மா," என்றார் ரீச்சர் கடைசியில். "இல்லையெண்டு சொல்லமாட்டன். அந்தத் தண்ணி வரிசையில நீர் சொன்னதுக்கில்லை. அண்டைக்கு நீர் வாயைத் திறக்காம விட்டிருந்தா நான் என்னவாயிருப்பன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அதுக்குப் பிறகு பதினாறு வருசம். பக்கத்தில இருந்து ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமெல்லோ."

"சொல்லியிருக்கலாம்," என்றார் வீரம்மா. "நீங்கள் என்ர கதையைக் கேக்கமாட்டியளோ எண்டு பயந்திட்டன்."

ரீச்சர் கொப்பியை இழுத்து ஒரு வரியை வெட்டினார். பேனையை மூடினார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் பாலர் பாடசாலைக் குரலாக மாறிவிட்டது.

"சரி. காலமை முழுக்க எங்களுக்குக் காட்டினீர். இனி உமக்கு என்ன பாக்கவேணும்? அதைச் சொல்லும்."

வீரம்மாவிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நாகேஸ்வரி அதையும் சிங்களத்தில் சொல்ல, வீரம்மா வேலை செய்த வீடு பம்பலப்பிட்டியில் எந்த ஒழுங்கை என்று சொன்னால் தேடிப் பிடித்துவிடலாம் என்றார் நந்தசேன.

"அங்க பாக்க என்ன கிடக்கு. குசினி. அது எனக்குத் தெரியும்," என்றார் வீரம்மா. பிறகு கடை வாசலுக்கு எழுந்து போய்க் கையை நீட்டினார். கட்டிடங்களுக்கு மேலால் பச்சைத் தண்டும் ஊதா மொட்டுமாகத் தாமரைக் கோபுரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. "அதில ஏறவேணும். அது உண்மையாவே பிறகு கட்டினது. அதை அந்தப் பிள்ளையள் பாத்திருக்காதுகள்."

லிப்ட் ஏறும்போது ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் நாகேஸ்வரியையும் மறு கையால் வீரம்மாவையும் பிடித்திருந்தார். பிடி வலுவாகவே இருந்தது. காது அடைத்துத் திறந்தது. கதவு திறந்ததும் மேலே காற்று வீசு வீசென்று வீசியது. வீரம்மாவின் தலைப்பு பறந்து நாகேஸ்வரியின் முகத்தை மூடிவிட்டது.

கடல் வலப்பக்கம், இடப்பக்கம் என்றில்லாமல் ஒரு கரை முழுக்கக் கிடந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கொக்குகள் மாதிரி வரிசையாக நின்றன. கீழே பேரை வாவி பச்சையாகக் கிடந்தது. காலையில் சுற்றிய இடங்களெல்லாம் ஒரு பாயில் பரப்பிவிட்ட மாதிரி இருந்தன. வீரம்மா வட்டத்தை மூன்று தடவை சுற்றினார். ரீச்சரும் நாகேஸ்வரியும் ஒரு தடவையோடு அங்கே கிடந்த வாங்கில் குந்திவிட்டார்கள். காவலுக்கு நின்ற பெடியனிடம் வீரம்மா சத்தமாகவே, "அது என்ன? இது என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவனுக்குத் தெரியாததும் இருந்தது. அங்கே நின்ற வேறு ஆட்களும் வந்து சேர்ந்து தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள்.

கீழே இறங்கியபோது நந்தசேன காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருந்தது?"

"நீங்கள் ஏறியிருக்கிறீர்கள்தானே," என்றார் வீரம்மா.

அவர் சிரித்தார். "எத்தனையோ பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறேன் அக்கே. வாகனத்தை விட்டுவிட்டு எப்படி மேலே போவது?"

வீரம்மா முன் சீற்றில் ஏறினார். கார் வாகன நெரிசலுக்குள் மெல்ல நகரத் தொடங்கியது. கையை விரித்துக் கொஞ்சம் யோசித்தார். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அவ்வளவு இருந்தது.

"முதலில் காது அடைக்கும்," என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். "பயப்பட ஒன்றும் இல்லை. கதவு திறந்ததும் கடல்தான் முதலில் தெரியும்."

"கடலில்லை, முதல் துறைமுகம்," என்றார் பின்னாலிருந்து நாகேஸ்வரி, அதே மொழியில்.

"நான் நின்ற பக்கம் கடல்."

"என்ன கதைக்கிறியள் ரெண்டு பேரும்? எனக்கும் சொல்லுங்கோவன்," என்றார் ரீச்சர். கொப்பி மறுபடி மடியில் திறந்திருந்தது.