பீரோவுக்குப் பின்னால் பார்க்கப்படவில்லை

சமையலறை சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்தாள் என் மனைவி. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவற்றைத் தாண்டித்தான் நான் டீ போட வேண்டியிருந்தது.

"குழாய் இணைப்புல கசிவு. அடியில வாளி வச்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லி எழுதிக்கொண்டாள்.

"வாளிய வச்சதே நீதானே?"

"யாரு வச்சாங்கன்னு எழுதக் கூடாது. கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதணும்" என்றது சிங்க்.

வீடு வாங்குகிறவர்களுக்காக, கூரையிலிருந்து கழிவுநீர்க் குழாய் வரை பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பையன் வெளியூர்க் கல்லூரிக்குப் போனதும், நாற்பத்தாறு வயதில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். நூற்று நாற்பது மணி நேரம் வகுப்பு. உரிமம் பெற்றவர் பின்னாலேயே போய் இருபது வீடு. கடைசியில் ஒரு தேர்வு: நீங்கள் ஒரு வீட்டைப் பார்த்து எழுத, தேர்வாளர் அந்த அறிக்கையோடு வந்து அதே வீட்டைப் பார்ப்பார். முதல் தடவை தோற்றுவிட்டாள். கூரையில் ஈரக்கறையைப் பார்த்து, 'மேல்மாடிக் குளியலறைக் கசிவு' என்று எழுதியிருந்தாள். கறையைப் பார்த்தீர்கள், கசிவைப் பார்த்தீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். இந்தத் தடவையும் தோற்றால் முதல் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தேர்வுக்குத் தன் வீட்டைத் தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்ததால் எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள். சொந்த வீட்டைப் பார்க்கலாமாம். ஆனால் முன்பின் தெரியாதவர் வீட்டை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்க்க வேண்டுமாம்.

இதில் ஒரு சிக்கல். இந்த வீட்டைக் கட்டியவன் நான். மேஸ்திரி. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்தவன், களைப்பு இன்னும் போகவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவளோ என் பொன் குஞ்சில் நாற்பத்தொரு குறை கண்டுபிடித்திருந்தாள். குளியலறைத் தரை சரிவு தவறு. மாடிப்படியில் மூன்றாம் படி அரை அங்குலம் உயரம். பத்தொன்பது வருஷமாக அந்தப் படியில் அவள் தடுக்கும்போதெல்லாம் 'கண்ணு எங்க இருக்கு' என்று திட்டியவன் நான். ரோஷம் வந்தாலும் வாயைத் திறக்க வழியில்லை. முப்பத்தேழாவது குறிப்பைப் படித்ததும்தான் மூச்சு வந்தது.

'பின் படுக்கையறை, கிழக்குச் சுவர்: பீரோ மறைத்திருப்பதால் பார்க்கப்படவில்லை.'

அந்த மூலையில் மழைக்குப் பிறகு மண் இறுகக் காத்திருக்காமல் அஸ்திவாரம் போட்டேன். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். குழந்தை சொந்த வீட்டில்தான் கண் விழிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இரண்டாம் வருஷமே சுவர் வாயைப் பிளந்தது. பூசினேன், வெள்ளையடித்தேன், பீரோவை இழுத்து வைத்தேன். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேர்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, ரப்பர் செருப்பு, சிரிக்காத முகம். ஒவ்வொரு குறிப்பாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். பின் படுக்கையறையில் நின்றார்.

"வெளிப்பக்கம் ஜன்னல் ஓரத்துல மெல்லிசா விரிசல் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கரெக்ட். உள்பக்கம் பீரோ மறைக்குது. நாம பொருளத் தொடக் கூடாது, அதுவும் கரெக்ட். நகர்த்திக் குடுங்கன்னு ஓனர்கிட்ட கேட்டீங்களா?"

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"கேட்டாங்க மேடம், நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்றேன் நான். பொய் தானாக வந்தது.

"இல்ல மேடம்" என்றாள் அவள். "கேக்கல. இருபது வீட்லயும் கேட்டேன். இவர்கிட்ட கேக்க மனசு வரல. வருஷா வருஷம் நான் எங்கயாவது வெளிய போற நாளாப் பாத்து அங்க பெயின்ட் அடிப்பார். வந்தா வாசனை வரும். நானும் கேக்க மாட்டேன்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவமானமா, அவள்மேல் பொங்கி வந்த பிரியமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தேர்வாளர் பேனாவை மூடவில்லை. "கேக்காததுக்கு மார்க் போகும், அது போனதுதான். மொத்தத்துல என்ன வரும்னு கூட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா நான் இன்னும் கையெழுத்துப் போடல. வீடு இன்னும் பாத்து முடியல."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சார், இந்த பீரோவக் கொஞ்சம் நகர்த்தித் தர முடியுமா?"

தனியாகவே தள்ளினேன். அவள் தொடக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், ஒரு வெள்ளை இன்னொரு வெள்ளையோடு ஒட்டவில்லை. நடுவில் என் விரிசல், இந்த வருஷப் பூச்சையும் பிளந்துகொண்டு.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"பையன் நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

எழுதினாள். பிறகு இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து மேலே நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. தேர்வாளர் ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "இந்த முனையக் கொஞ்சம் மேல பிடிங்க."

பிடித்தேன். விரிசல் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நான் நிற்க, அவள் டேப்பை இழுத்தபடி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே குனிந்துகொண்டே போனாள்.