சங்கிலிப்பாண்டியின் பின்னால் வந்த தீ

1986 பங்குனியில் தேவதானத்து ஆட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி மலையடிவாரத்தில் வைத்த தீ, ஒரு சரிவை எரித்து முடித்ததும் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மழைக்குப் பிறகு ஆடுகளுக்கு இளம்புல் கிடைக்கும் என்று வருஷாவருஷம் அவர் வைப்பதுதான். இந்த முறை அது ஆட்டுக்குட்டி அளவில் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. அவர் மனைவி அய்யம்மாள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். தீ கோபித்துக்கொண்டு மலையேறிப் போய் இன்னொரு சரிவையும் தின்றுவிட்டு, சாயந்தரம் திரும்பி வந்தது. மலை அணில்கள் வால் கருகித் தோப்புகளுக்கு இறங்கின. ஒரு மிளா மான் கண்மாய்த் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டது.

“நீங்க கூட்டிட்டு வந்தது. நீங்கதான் பாக்கணும்,” என்றார் அய்யம்மாள்.

தென்னை மட்டையும் கரும்புத் தோகையும் போட்டார்கள். வயிறு நிறைந்தால் சமர்த்தாகக் கிடந்தது. பசித்தால் மலையைப் பார்த்தது. அதனால் கோடை முழுக்கச் சங்கிலிப்பாண்டி வீட்டைவிட்டு நகர முடியவில்லை. ஆடுகளை விற்றார். ஆடியில் ஆண்டாள் தேருக்கும் அய்யம்மாள் மட்டும் போய்வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த காட்டிலாகாக்காரர்கள் தீயை ஜீப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ராஜபாளையம் தாண்டுவதற்குள் அது ஸ்டெப்னி டயரைத் தின்றுவிட்டதால் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்துத் தெரு பொன்னுராஜ் தீப்பெட்டியோடு மலைக்குப் போனபோது சங்கிலிப்பாண்டி வழிமறித்தார். “ஏலே, வச்சிராத. பொறவு ஒன்கூடயே வந்திரும். வீட்டுக்கு வாரவிய எம்புட்டு கேள்வி கேப்பாவ தெரியுமா?” பொன்னுராஜ் திரும்பிவிட்டார். அந்தப் பக்கம் புல் கொளுத்துவது அதோடு நின்றது.

1994 கோடையில் முகட்டுக்கு மேற்கேயிருந்து பெருந்தீ வந்தது. யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு இறங்கின. பச்சைத் தழையால் அடித்து அணைக்கப் போனவர்கள் புருவம் கருகித் திரும்பினார்கள். சங்கிலிப்பாண்டி எட்டு வருஷமாக வாசலில் கிடந்த தன் தீயைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். இரண்டும் சேர்ந்துவிட்டால் காடே மிஞ்சாது என்று அய்யம்மாள் பயந்தார். ஓடைக்கு மேலே நின்று, “மேல போவாத. குறுக்க மட்டும் தின்னு,” என்றார் சங்கிலிப்பாண்டி. தீ அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு சரிவின் குறுக்கே, வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லைத் தின்றுகொண்டே போனது. பெருந்தீ வந்து, தின்னக் கரியைத் தவிர எதுவும் இல்லாமல், அந்த ஓரத்திலேயே அணைந்தது.

இறங்கும்போது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் வரவில்லை. வீட்டில் சோற்றைத் தொடவில்லை. “ஒரு கொடம் தண்ணி ஊத்துனப்பகூடத் திரும்பி வந்துச்சு,” என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து, விளக்குச் சுடர் அளவுக்கு இளைத்து, அது வாசலுக்கு வந்தது. அய்யம்மாள் ஒரு பனையோலையைக் கிழித்துப் போட்டு, “மெதுவாத் தின்னு,” என்றார். அந்த மார்கழியில் தெருக்காரர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்தார்கள். தள்ளிப் படு என்றால், தள்ளிப் படுத்துக்கொண்டது.