சஹாவுக்குத் தண்ணீர் காட்டினோம்

எங்கள் உருகுவேயில் ஜனவரிதான் கோடை. சனிக்கிழமை, உச்சிவெயில். என் மனைவி ஒஃபேலியா வாசல் மரக்கதவின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு செம்மண் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. காலையிலிருந்து அந்தக் கதவின்மேல் ஏறியது அது மூன்றாவது முறை.

"கிழவா, புழுதி கிளம்புது பாரு! லாரிதான்!"

"அது பால் வண்டி, கிழவி."

நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். கல்யாணமான மறுவாரமே தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

ஒஃபேலியா பதினான்கு வருடம் ஒரு பெரிய பண்ணையில் சமையல்காரியாக இருந்தவள். ஞாயிறு மதியம் முதலாளி தூங்கும்போது அவர் குதிரைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடைவரை போய்வருவாள். திரும்பியதும் சேணத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, குதிரையை ஒப்படைத்துவிட்டு மறுபடி அடுப்படி. சொந்தமாக ஒரு குதிரை வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கிடாரிகள் இரண்டை விற்றுவிட்டு வந்து, "வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

விற்றவர் இலாரியோ; பெரியவர் என்ற மரியாதைக்கு எல்லோருக்கும் 'தோன்' இலாரியோ. ஆயுள் முழுக்க மாட்டு மந்தை ஓட்டியவர். முட்டி போய்விட்டதால் பட்டணத்தில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். குதிரைக்குச் சஹா என்று பெயர். எங்கள் சதுப்புகளில் ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும் ஒரு பெரிய பறவையின் பெயர் அது.

எனக்கு மோட்டார் சைக்கிள் ரிப்பேர்தான் தொழில். உருகுவேயில் பிறந்தவன் குதிரைக்குப் பயப்படுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் முதுகுவலி என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

நான்காவது புழுதி உண்மையிலேயே லாரிதான். ஓட்டுநர் பின்கதவை இறக்கிச் சாய்த்ததும் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தலை நீண்டது. காது இரண்டும் முன்னால் விறைத்து, மூக்கு ஓட்டைகள் அகல விரிந்து... ஒஃபேலியா மூச்சுவிடவில்லை. அது பலகையில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு ஒரே தாவல். தரையில் நின்று உடம்பு முழுவதையும் உதறிக்கொண்டு, தெற்கே பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தது. எங்கள் கோழிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. பக்கத்துப் பட்டியிலிருந்த எங்கள் வண்டிக் குதிரை, கிழட்டுப் பெதூனியா, பதிலுக்குக் கனைத்தாள். அவள் வாயிலிருந்து சத்தம் வந்தே இரண்டு வருடம் இருக்கும்.

"அவளுக்கே வெக்கம் வந்துடுச்சு!" என்று ஒஃபேலியா கைகொட்டிச் சிரித்தாள்.

தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சஹாவை வேலியோரமாக முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "இதுதான் எல்லை. இது பெதூனியா வீடு. அந்த யூக்கலிப்டஸ் நிழல் உனக்கு. அதோ முழிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன் என் புருஷன். முதுகுவலிக்காரன்." குதிரை எல்லாவற்றையும் மோந்தது. என் தொப்பியையும் மோந்தது. நான் அசையவில்லை.

காற்றாலைத் தண்ணீர்த் தொட்டியை அவள் முதல்நாளே தேய்த்துக் கழுவி நிரப்பி வைத்திருந்தாள். சஹா அதனருகே போனது, தண்ணீரைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பயணக் களைப்பு. அப்புறமாக் குடிப்பான்."

பொழுது சாயும்வரை குடிக்கவில்லை. வாளியில் வைத்தோம். வாளிக்குப் பழக்கமில்லையோ என்று துணி அலசும் தொட்டியில் வைத்தோம். கொஞ்சம் உப்புப் போட்டோம். வெல்லப்பாகு கலந்தோம், அதைப் பெதூனியா வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி ஒரே மூச்சில் காலி செய்தாள். ஓடைக்கு நடத்திப் போனோம். அங்கேயும் முழங்கால்வரை தண்ணீரில் நின்று காதை ஆட்டிக்கொண்டு எதற்கோ காத்திருந்தது; வாயை மட்டும் வைக்கவில்லை.

ஞாயிறு காலை தொட்டி நேற்று நிரப்பியபடியே ததும்பி நின்றது. சஹாவின் விலா ஒட்டிப்போயிருந்தது. ஒஃபேலியா அதன் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் சட்டென்று படியாமல் கூடாரம்போல் நின்றது. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டோம்.

"இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும்தான் பாக்கலாம்" என்றார் அவர். "அதுக்குள்ள குடிக்கலேன்னா மூக்கு வழியா குழாய் விடணும். குடல் கட்டிக்கிச்சுன்னா கஷ்டம்மா."

நேற்று முழுக்கச் சிரித்தவள் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி தோன் இலாரியோவைக் கூப்பிட்டாள். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"தோன் இலாரியோ, உங்க குதிரை தண்ணி குடிக்க மாட்டேங்குது!"

"குடிக்க மாட்டேங்குதா? அவன் பெருங்குடிகாரன் ஆச்சேம்மா!"

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டு இல்ல."

"ஏம்மா, சீட்டி அடிச்சீங்கல்ல?"

"என்ன சீட்டி?"

"அட கடவுளே! தண்ணி காட்டுறப்ப சீட்டி அடிக்கணுமேம்மா. குட்டியா இருந்தப்ப இருந்து நான் சீட்டி அடிச்சுக்கிட்டேதான் காட்டுவேன். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு. இதைப் போயி சொல்லணுமா என்ன! ஊர்ல எல்லாரும் அடிக்கிறதுதானே!"

ஒஃபேலியா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சீட்டி வராது; உதட்டைக் குவித்தால் எச்சில்தான் தெறிக்கும். எனக்கு முன்பல் நான்கும் கழற்றி மாட்டுகிற பல். இருந்தும் முயன்றோம். இரண்டு பேரும் தொட்டிக்கு இருபுறமும் நின்று புஸ் புஸ் என்று ஊதினோம். சஹா எங்களை மாறி மாறிப் பார்த்த பார்வையை வைத்துச் சொல்கிறேன், குதிரைக்கும் அவமானம் தெரியும்.

"தோன் இலாரியோ, நீங்களே அடிங்க! போனைத் தொட்டிகிட்ட பிடிக்கிறேன்" என்றேன் நான்.

அது என் யோசனை. அதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறேன். போனிலிருந்து மெல்லிய, இழுத்து இழுத்து அடிக்கிற ஒரு சீட்டி வந்தது. சஹா தலையை வெடுக்கென்று தூக்கியது. காது துடித்தது. எசமானின் சத்தம், ஆனால் எசமானைக் காணோம். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, போனை மூக்கால் ஒரு தட்டுத் தட்டியது. போன் தொட்டிக்குள் விழுந்து மூழ்கியது. சீட்டி நின்றது. அவ்வளவுதான், சஹா கனைத்துக்கொண்டே பட்டியை ஒரு வட்டம் அடித்து, வேகம் எடுத்து, பக்கத்துப் பண்ணைக்குப் போகும் கதவை ஒரே தாண்டாகத் தாண்டியது.

"ஐயோ, எதெல்மீரோ நிலம்!" என்றாள் ஒஃபேலியா.

அதுதான் சிக்கல். எதெல்மீரோ எங்கள் பக்கத்து நிலத்துக்காரன், ஆடு வளர்க்கிறவன். மூன்று வருடத்துக்கு முன் ஒஃபேலியாவின் பதினொரு வான்கோழிகளை அவன் நாய்கள் கொன்றன. அவன் நரி என்று சாதித்தான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. எங்கள் சாலைகளில் எதிரே வருகிறவன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கி வணக்கம் சொல்வோம். அவர்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாக அந்த ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை.

ஒஃபேலியா ஒரு நொடி நின்றாள். பிறகு பாவாடையை முழங்காலுக்கு மேலே முடிந்துகொண்டு கதவேறிக் குதித்து ஓடினாள். நான் முதுகுவலியை மறந்து பின்னால் ஓடினேன். முள்செடி, எறும்புப் புற்று, மறுபடி முள்செடி. மேட்டின்மேல் ஏறியதும் தெரிந்தது: கீழே ஆட்டுத் தொட்டியருகே எதெல்மீரோ அசையாமல் நிற்கிறான். பத்தடி தள்ளிச் சஹா, விலா ஏறி இறங்க, அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மூச்சிரைக்க ஒஃபேலியா போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"வணக்கம், எதெல்மீரோ."

அவன் தொப்பியை விரலால் தொட்டான். "வணக்கம். இது உன்னோடதா? நான் நரின்னு நெனச்சேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஒஃபேலியா அதைக் காதில் வாங்கவே இல்லை. "நீ சீட்டி அடி" என்றாள்.

"என்னாது?"

"சீட்டி அடிடா மனுஷா! சீட்டி அடிச்சாத்தான் தண்ணி குடிப்பான். ஒருநாள் முழுக்க வாய் நனையல. நாய்ங்களுக்கு அடிப்பியே, ஊருக்கே கேக்குமே, அடி!"

அவன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று விட்டான். எங்கிருந்தோ மூன்று நாய்கள் பாய்ந்து வந்து புல்லில் வயிற்றை ஒட்டிப் படுத்தன. சஹா மிரண்டு நான்கடி பின்னால் போனது.

"அப்படி இல்ல! மெதுவா! குழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி!"

எதெல்மீரோ விரலை எடுத்தான். நாய்களைக் கையசைத்துத் துரத்தினான். வானத்தைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பாட்டும் இல்லாத ஒரு சீட்டியை, வேலையற்றவன் பொழுதைக் கழிக்கிற மாதிரி, இழுத்து இழுத்து அடிக்கத் தொடங்கினான். சஹாவின் காது திரும்பியது. ஒரு அடி வைத்தது. இன்னொன்று. தலையைத் தாழ்த்தி ஆட்டுத் தொட்டிக்குள் வாயை விட்டது.

தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் உருண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒஃபேலியா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்: "முப்பது... முப்பத்தொண்ணு... நிறுத்தாத எதெல்மீரோ, நிறுத்தாத!" அவன் முகம் கத்தரிக்காய்போல் ஆகிவிட்டது. நிறுத்தவில்லை. அறுபத்தேழில் சஹா தலையைத் தூக்கி, வாயில் மிச்சமிருந்த தண்ணீரை என் சட்டைமேல் கொட்டியது. ஒஃபேலியா அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு பக்கத்திலிருந்தவனைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்திலிருந்தவன் நான் இல்லை.

வீட்டுத் தொட்டியில் குடிக்க வைப்பது அடுத்த வேலை. அன்று சாயங்காலம் எதெல்மீரோ தானாகவே வந்துவிட்டான், கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தே என்கிற எங்கள் பச்சிலைத் தேநீர்க் குடுவையுமாக. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, நான்கு நாள் வந்தான். சஹா குடித்து முடித்ததும் மூவரும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து ஒரே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சுவோம். ஒஃபேலியாவுக்குப் பாடம் நடக்கும்.

"நாக்கைக் கீழ்ப்பல்லுல ஒட்டு. ஊதாத, மூச்சை விடு. என் மூஞ்சிய விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி விடு."

மூன்றாம் நாள், யாரும் ஒன்றும் கேட்காமலே, குடுவையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அது நரி இல்ல."

"தெரியும்" என்றாள் ஒஃபேலியா. "தண்ணிய ஊத்து, ஆறுது."

ஐந்தாம் நாள் அவனுக்கு ஆட்டுச் சந்தை. ஒஃபேலியா தனியாகத் தொட்டியருகே நின்றாள். உதட்டை நனைத்தாள். வந்தது சீட்டி என்று சொல்ல முடியாது, ஓட்டை டியூபில் காற்றுப் போகிற சத்தம். நடுவில் ஒரு கீச்சு. சஹா அவள் வாயைக் கூர்ந்து பார்த்தது. ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு பெருந்தன்மையோடு தலையைத் தாழ்த்திக் குடித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் துணியாமல், ஊதிக்கொண்டே, இடது கையை மட்டும் பின்னால் நீட்டி என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

மறுநாள் விடியற்காலை நான் ஜன்னலைத் திறந்தபோது யூக்கலிப்டஸ் மரத்தடியில் சஹா நான்கு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "கிழவி!" என்று கத்தினேன். அவள் இரவு உடையோடு வெறுங்காலில் பனிப்புல்லில் ஓடினாள், கிட்டே போனதும் டக்கென்று நின்றாள், என்னை நோக்கி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

நான் பூனைபோல் நடந்து போனேன். சஹா குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கீழுதடு தொங்கி, அதில் ஒரு புல் ஒட்டியிருந்தது. ஒரு கால் மட்டும் கனவில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"பயம் இருந்தா குதிரை நின்னுக்கிட்டேதான் தூங்கும்" என்று ஒஃபேலியா கிசுகிசுத்தாள். "இப்படிக் காலை நீட்டிப் படுக்குதுன்னா, இது தன்னோட எடம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, கிழவா."

"சரி, இன்னிக்காவது ஏறுவியா?"

"அது தூங்கி எந்திரிக்கட்டும்" என்றாள். ஈரப்புல்லில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் அடுப்பில் வெந்நீர் வைக்க உள்ளே போனேன்.