சாவியோடு வராத பாட்டு

மகள் போன பிறகு அவளுடைய காரை விற்றுவிட்டார்கள். வாங்க வந்தவரிடம் அப்பா ஒரே ஒரு பொய் சொன்னார்: பாட்டு செட் ரிப்பேர், கழற்றித் தூக்கிப் போட்டாயிற்று என்று. உண்மையில் முந்தின நாள் சாயங்காலம் அவரே கத்தரிக்கோலால் ஒயர்களை வெட்டி அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். மகள் செருகிய பென் டிரைவ் அப்படியே அதில் இருந்தது. எதற்கு எடுத்து வைத்தாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மனைவி அந்தத் தட்டைத் திறந்தால் துண்டைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, தனக்கு வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு மூடிவிடுவாள்.

அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தார். காய்ச்சலில் மகள் போனதிலிருந்து அவர் வெட்டிய கட்டு ஒன்றுகூட நூல் பிசகவில்லை. எப்படி இவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்று மேஸ்திரி ஆச்சரியப்பட்டார். கவனம் ஒன்றும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லாததால் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் துண்டோடு அந்த செட்டைத் தன் பழைய காரில் வைத்துக்கொண்டு தெருக்கோடி ஷெட்டுக்கு ஓட்டிப் போனார். அங்கே கார் எலக்ட்ரீசியன் ஒருவன் இருந்தான். எதைச் சொன்னாலும், யாருக்காவது கல்யாணம் நின்றுபோனது என்று சொன்னாலும்கூட, "முதல்ல ஃபியூஸைப் பாருங்க" என்பான். அதனால் அவன் பெயரே ஃபியூஸ் ஆகிவிட்டது. துண்டைப் பிரித்து ஒயர் முனைகளைப் பார்த்ததும் அவன் முகம் சுளித்தான்.

"யாருண்ணே இப்படி அறுத்தது? எலிகூட இதைவிட அழகா கடிக்கும்."

"நான்தான்."

அவன் செட்டைத் திருப்பிப் பார்த்தான். மகளின் காரில் அதைப் பொருத்தியதே அவன்தான். அடையாளம் தெரிந்த பிறகு அவன் எலியைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய பழைய காரின் முன்பலகையில் பல வருடமாக வாயைப் பிளந்துகொண்டிருந்த ஓட்டையைத் துடைத்தான். டெஸ்ட் லாம்பை எடுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டு எரிகிறதா என்று பார்த்தபடியே, கேட்காமலே விளக்கினான். மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும், பாட்டை எங்கே நிறுத்தினோம் என்பதை அதை வைத்துத்தான் செட் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சிவப்பு ஒயர் சாவி லைனுக்குப் போக வேண்டும். சாவி போட்டால் பாடும், எடுத்தால் நிற்கும். எல்லா வண்டியிலும் அப்படித்தான்.

"எனக்கு அப்படி வேணாம் தம்பி," என்றார் அவர். "சாவி போட்டா அது பாடக்கூடாது. எடுத்தா நிக்கவும் கூடாது. கையால அமுக்கினா மட்டும் பாடணும்."

அப்படியானால் இரண்டு ஒயரையும் நேராக பேட்டரியில்தான் கொடுக்க வேண்டும், ஓடவிட்டு மறந்துபோனால் காலையில் வண்டி மூச்சு விடாது, அப்புறம் தன்னைத் திட்டக்கூடாது என்றான் ஃபியூஸ். திட்டமாட்டேன் என்றார்.

காரணத்தை அவனிடம் அவர் சொல்லவில்லை. மகள் இருந்தபோது, சாயங்காலம் அவள் கார் கேட்டுக்குள் நுழையும்போதே அந்தப் பாட்டு மாடி வரைக்கும் கேட்கும். சாவியைத் திருப்பியதும் பாதி வரியில் அறுந்து நிற்கும். அறுந்த அந்தக் கணத்தில் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். மகள் படியேறி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டீ தயாராகிவிடும். இனி அவர் சாவி போட்டதும் அது பாடினால், எடுத்ததும் அறுந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ன ஆவாள்? அவளுக்கு மட்டும் அது நடந்துவிடக்கூடாது. தனக்கு என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து, செட்டைக் காரில் மாட்டியாகிவிட்டது என்றார். அது தானாகப் பாடாது, பட்டனை அமுக்கினால்தான் பாடும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். மனைவி ஒரு பள்ளிக்கூடத்துக்கு நீலச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் பட்டனை ஒரு தடவைகூட அமுக்கவில்லை. வேலைக்குப் போக அச்சகத்து வேன் வந்துவிடும். கார் கீழே நிழலில் சும்மா நின்றது.

மனைவியின் கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் நாக்கைச் சப்புக்கொட்டியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபியூஸ் வேறொரு பேட்டரியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தான். மனைவி மருத்துவமனைக் கோப்போடு ஓரமாக நின்றாள். ஃபியூஸ் அங்கே இங்கே தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அன்னைக்கே சொன்னேனே. செட்டு ரொம்ப நேரம் ஓடியிருக்கு. மறந்துட்டீங்களா?"

அவர் காருக்குள் பார்த்தார். பக்கத்து இருக்கையில் பொடிப்பொடியாக நீல நூல் ஒட்டியிருந்தது. கதவைத் திறக்கும் மாற்றுச் சாவி சமையலறை இழுப்பறையில்தான் கிடந்தது. அவர் வேலைக்குப் போயிருக்கும் மத்தியான நேரங்களில் அவள் இறங்கி வந்திருக்கிறாள். ஒரு நாள் அல்ல, பல நாள். நூல் அவ்வளவு இருந்தது. மனைவி கோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா," என்றார் அவர். "நான்தான் மறந்துட்டேன்."

சிவப்பைச் சாவி லைனுக்கே மாற்றிவிடட்டுமா, கை வைத்தால் முடிந்துவிடும், இந்தத் தலைவலியே இருக்காது என்று ஃபியூஸ் கேட்டான். சுவிட்சில் சாவியைத் திருப்ப மனைவிக்குப் பயம் என்பது அவருக்குத் தெரியும். மகள் வண்டி கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்காரவைத்தபோது கியரில் இருப்பது தெரியாமல் திருப்பி, கார் ஒரு துள்ளு துள்ளிச் சுவரில் போய் முட்டியது. மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அதன்பிறகு மனைவி ஓட்டுகிறவர் இருக்கைக்கே போனதில்லை. லைனை மாற்றினால் சாவி போட்டுத் தரச்சொல்லி அவரிடம் கேட்க வேண்டும். அவள் கேட்கமாட்டாள். வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே உப்பு, வாடகை, மருந்து என்ற அளவில்தான் இருந்தது.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"பேட்டரி செத்துடும்ண்ணே."

"ஓட்டிக்கிட்டே இருந்தா சாகாதில்ல?"

தினமும் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும் என்று ஃபியூஸ் ஒப்புக்கொண்டான். அவர்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போனான். இருவரும் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து அவர் அச்சகத்திலிருந்து வந்ததும் மேலே போகாமல் காரை எடுத்தார். பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சுற்று சுற்றி, அதே இடத்தில் நிறுத்துவார். ஓட்டும்போது எதையும் நினைக்கமாட்டார். சில நாள் இருக்கையில் புது நூல் இருக்கும், அதைத் தட்டிவிடமாட்டார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. மாடி ஜன்னலில் அவள் நிற்பது மட்டும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவர் காரைக் கிளப்பப் போனபோது பக்கத்துக் கதவு திறந்தது. மனைவி ஏறி உட்கார்ந்தாள். தோளில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இருவருமாக அதே சுற்றைச் சுற்றினார்கள். செட் இருட்டாக இருந்தது. வீட்டுக் கீழே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அவர் இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை.

"போடேன்," என்றார் அவர்.

"பேட்டரி போயிடாதா?"

"நாளைக்கும் ஓட்டுவோம்."

அவள் கைநீட்டி பட்டனை அமுக்கினாள். தேட வேண்டியிருக்கவில்லை, விரல் நேராக அந்த இடத்துக்கே போனது. பாட்டு நடு வரியிலிருந்து கிளம்பியது, மத்தியானம் அவள் நிறுத்திய இடமாக இருக்கும். தனக்குள் ஏதாவது வருகிறதா என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அது அவருக்குத் தெரியாத பாட்டு. மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.